வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இல்லை

தோழர்களே, இதை ஒரு சுயவிமர்சனமாகத்தான் எழுதுகிறேன். இயக்கத்துக்காரன் என்று பேர் வைத்துக்கொண்டு நான் செய்து வைத்த ஒரு பஞ்சாயத்தைப் பற்றியது இது. நம்ம சனங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். ஆனால் எஸ்டேட் முதலாளி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற வக்கீல்கூட அவருக்கு அப்படி ஒரு நல்லதைச் செய்திருக்க முடியாது.

2017 சனவரி. சேர்வராயன் மலையில் காபிப் பழப் பறிப்பு முடிகிற நேரம். வெள்ளக்கடைப் பக்கம் எங்கள் காலனியிலிருந்து விடியக்காலம் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு போன குட்டியானை, எஸ்டேட்டுக்குள் இறங்குகிற மண்பாதையில் கவிழ்ந்தது. பதினாலில் பத்துப் பேர் பெண்கள். பலர் சிராய்ப்போடு தப்பித்தார்கள். என் அத்தைக்கு, அப்பாவின் தங்கச்சிக்கு, தொடை எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு 45 வயசு. பத்து வயசிலிருந்து இந்தச் சரிவுகளில் கூடை கட்டிக்கொண்டு ஏறி இறங்கின கால் அது.

வண்டியை ஓட்டினவன் வெளியாள் இல்லை. பங்காளி மகன், என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவன். மூணாவது கையாக அந்த வண்டியைப் பைனான்சில் எடுத்திருந்தான். எஸ்டேட் மேஸ்திரி சொல்கிற இடத்துக்கு ஆள் ஏற்றிப் போவது, திரும்பும்போது மூட்டை ஏற்றி வருவது, இதுதான் பிழைப்பு. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அதுக்கப்புறம் மலையில் யார் கையிலும் காசு இல்லை. எஸ்டேட் அவனுக்குத் தரவேண்டிய வாடகை பாக்கி நின்றது. டிசம்பரில் இன்சூரன்ஸ் முடிந்தது. பையன் கட்டவில்லை. பைனான்ஸ் தவணையை நிறுத்தினால் வண்டியையே தூக்கிட்டுப் போயிடுவான். இன்சூரன்ஸ்காரன் வீடு தேடி வரமாட்டான். கையில் இருக்கிற காசை நம்ம ஆள் எதுக்கு முதலில் கட்டுவான் என்று உங்களுக்கே தெரியும்.

விபத்து நடந்த அன்றைக்கு எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர் மேஸ்திரி. கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் அவர் பேசின பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. "கேசு கீசுன்னு போனா பையன் உள்ள போயிடுவான். வண்டி ஸ்டேஷன்ல கெடந்து துருப்பிடிக்கும். இன்சூரன்சு வேற இல்ல. ஒத்த ரூவா தேறாது. படியில வழுக்கி விழுந்தேன்னு எழுதச் சொல்லுங்க, முடிஞ்சுது." விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டது. வலியில் கிடந்தவர் எதுக்கும் தலையாட்டுவார்.

நான் அத்தையிடம் கேட்டேன், என்ன செய்யலாம் என்று. அத்தை சொன்னார்: "வேணாங்கண்ணு. அவன் வண்டிய வித்துத்தான் எங்காலு நிக்கணுமா? நம்ம புள்ள அவன்."

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒடுக்கப்பட்டவனும் ஒடுக்கப்பட்டவனும் கோர்ட்டில் ஏறி அடித்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு பண்ணினேன். காலனி வேப்பமரத்தடியில் உட்கார வைத்துப் பேசினேன். பையன் வட்டிக்கு வாங்கி 25,000 ரூபாய் கொடுத்தான். எஸ்டேட்டிலிருந்து "தர்மமாக" 15,000 வந்தது. மொத்தம் 40,000. இனி யாருக்கும் யார்மீதும் எந்தப் பாத்தியமும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கினோம். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

எஸ்டேட் 15,000 ரூபாயில் தப்பித்துக்கொண்டது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்ற ஒரே விசயத்தைச் சொல்லி எல்லார் வாயையும் அடைத்துவிட்டார்கள். அதுக்கப்புறம் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்லியாகணும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146. மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது சனங்கள் சொல்கிற தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், இல்லாமல் எந்த வண்டியும் பொது இடத்தில் ஓடக் கூடாது. இந்தக் காப்பீடு வண்டிக்காரருக்காக வந்ததில்லை, ரோட்டில் அடிபடுகிறவனுக்காக வந்தது. மீறினால் என்ன தண்டனை? 2019 திருத்தத்துக்கு முன்னால் 1,000 ரூபாய் வரை அபராதம். இப்போது முதல் தடவைக்கு 2,000, மறுதடவைக்கு 4,000, அல்லது மூன்று மாதம் வரை சிறை. காலனியில் எனக்குத் தெரிந்து இதுக்காகச் சிறைக்குப் போனவர் யாருமில்லை. நாட்டில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாமல் ஓடுகின்றன என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கையே சொல்கிறது. அரசுக்குத் தெரிந்தே ஓடுகின்றன. வண்டிக்காரன் கட்டாமல் விட்டதுக்கும், அரசு பார்க்காமல் விட்டதுக்கும் தண்டனை யாருக்கு? ரோட்டோரம் விறகு சுமந்து போனவளுக்கு.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். எந்த வண்டி அடித்தது என்றே தெரியாமல் போனால், அதாவது அடித்துவிட்டு ஓடிவிட்டால், பிரிவு 161-ன்படி அரசுத் திட்டத்தில் பணம் உண்டு. முன்பு சாவுக்கு 25,000, கொடுங்காயத்துக்கு 12,500. 2022 ஏப்ரல் 1 முதல் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அடித்தவன் நிற்கிறான், வண்டி நம்பர் தெரிகிறது, ஆனால் இன்சூரன்ஸ் இல்லை என்றால் இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது. தீர்ப்பாயத்துக்குப் போய் வண்டிக்காரர்மேல் தீர்ப்பு வாங்கிக்கொள் என்கிறது சட்டம். பிரிவு 164-ன்படி, யார் தப்பு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்கலாம். ஆனால் அதையும் இன்சூரன்ஸ் இல்லாத இடத்தில் வண்டிச் சொந்தக்காரர்தான் தரணும். அவரிடம் இல்லை என்றால் தீர்ப்பு நகலைச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிரிவு 174-ன்படி கலெக்டர் மூலமாக நிலவரிப் பாக்கி மாதிரி வசூலிக்கலாம். வசூலிக்க அவரிடம் நிலம் இருக்கணுமே.

"அப்போ அந்தப் பையன் இன்சூரன்ஸ் மட்டும் கட்டியிருந்தா அத்தைக்குக் கிடைச்சிருக்குமா?" என்று ஒரு மாணவர் தோழர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிடைத்திருக்காது, அல்லது பெரிய போராட்டத்துக்கு அப்புறம் கிடைத்திருக்கும். ஏனென்றால் அது சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் யார் போகலாம் என்று சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய பிரதிநிதி போகலாம். வண்டிச் சொந்தக்காரரின் வேலையாள் போகலாம். மற்றவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கிற பேரைத் தமிழில் சொன்னால் ஓசிப் பயணி. 1999-ல் உச்சநீதிமன்றம் அவர்களுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரணும் என்றது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றது. அதுக்கப்புறமும் சில வழக்குகளில், 2004-லும் 2017-லும்கூட, "முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்" என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அது அந்தந்த வழக்கில் நீதிபதி காட்டுகிற இரக்கம். உரிமையாக எழுதி வைக்கப்படவில்லை.

ஓசிப் பயணியாம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் கடித்துப் பாருங்கள். இந்த மலையில் சரக்கு வண்டியின் பின்னால் நிற்பது யார்? சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கோடை விழா பார்க்க வருகிறவன் காரில் வருகிறான். தோட்ட முதலாளி ஜீப்பில் வருகிறார். மூட்டையோடு மூட்டையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மலையாளிப் பழங்குடிச் சனமும், கீழ்நாட்டிலிருந்து கூலிக்குக் கொண்டுவரப்பட்டு லைன் வீட்டிலும் காலனியிலும் தங்கிப்போன நம்ம சனமும்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் செடியைச் சுமந்தவன், நட்டவன், பறித்தவள் பேரை யாரும் எழுதவில்லை. இருநூறு வருசமாக மூட்டைக்கு வழி கிடைத்திருக்கிறது. பறிக்கிறவள் காலையில் ஏழு மணிக்கு நிரையில் நிற்க ஒரு பஸ் வராது. முதலாளியின் வேலைக்கு, முதலாளி சொன்ன நேரத்துக்கு, முதலாளி அனுப்பின வண்டியில் போகிறவள் எப்படி ஓசிப் பயணி ஆனாள்? ஓசியில் போகிறது அவளுடைய உடம்பு. அதைத்தான் முதலாளி ஓசியில் வாங்கிக்கொள்கிறான்.

இங்கே அண்ணல் அம்பேத்கருக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 1929. தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். ஒரு சமூகப் பகிஷ்காரத்தை விசாரித்துவிட்டுச் சாலிஸ்கான் ஊருக்கு வருகிறார். ஸ்டேசனிலிருந்து மகர்கள் குடியிருப்புக்கு அவரைக் கூட்டிப் போகக் குதிரை வண்டி பிடிக்கிறார்கள். ஒரு மகருக்கு வண்டி ஓட்ட மாட்டோம் என்று வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். விருந்தாளியை நடத்திக் கூட்டிப்போவது மரியாதை இல்லை என்று மகர்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, தங்களில் ஒருவரை ஓட்டச் சொல்கிறார்கள். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் சக்கரம் சிக்கி வண்டி கவிழ்கிறது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன.

இதைப் பின்னாளில் "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்ற தன் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். ஓட்டியவர்மேல் அவர் பழி போடவில்லை. பழக்கமில்லாத ஒருவன் அந்த வண்டியில் ஏன் ஏற வேண்டிவந்தது என்று விசாரிக்கிறார். விசாரித்த இடத்தில் சாதி நிற்கிறது. பட்டம் பெற்ற ஒரு பாரிஸ்டரைவிடத் தன்னை உயர்ந்தவனாக நினைக்க ஒரு வண்டிக்காரனுக்குச் சாதி போதும் என்பதை அந்த முறிந்த கால் அவருக்குக் காட்டிக்கொடுத்தது.

ஓட்டினவன் நம்ம ஆள். அடிபட்டவரும் நம்ம ஆள். இதுவரைக்கும் சாலிஸ்கானும் வெள்ளக்கடையும் ஒண்ணுதான். ஆனால் அண்ணல் கேட்ட அந்த இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. பதினாலு பேரை மூட்டை வண்டியில் ஏற்றச் சொன்னது யார்? வாடகையைப் பாக்கி வைத்தது யார்? அந்த மண்பாதையைச் சரி பண்ணாமல் வைத்திருந்தது யார்? நான் கேட்டிருந்தால் பஞ்சாயத்தில் மூணாவது நாற்காலி ஒன்று போட்டிருப்பேன். அதில் முதலாளியை உட்கார வைத்திருப்பேன், தர்மம் கொடுக்கிறவராக இல்லாமல் கடன்காரராக.

அதுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1923-ம் வருசத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால், யார் தப்பு என்ற கேள்வி இல்லாமலே முதலாளி இழப்பீடு தரணும். "அவங்க எங்க ஆளே இல்ல, மேஸ்திரி கூட்டிவந்த ஆள்" என்று எஸ்டேட்டில் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் 12-ம் பிரிவு அதுக்கும் பதில் வைத்திருந்தது. தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்தாலும், தன் இடத்திலோ அதை ஒட்டியோ அடிபட்டவருக்கு முதலாளியே பொறுப்பு. பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வண்டி கவிழ்ந்தது எஸ்டேட் பாதையில். அத்தை பேர் எஸ்டேட் செக்ரோலில் இருந்தது. இதில் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா இல்லையா என்ற பேச்சே வராது.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அத்தைக்குத் தினக்கூலி 250 ரூபாய். மாதம் 26 நாள் என்று வைத்தால் 6,500. அதில் 60 சதம் 3,900. 45 வயசுக்கு அட்டவணையில் இருக்கிற காரணி 169.44. இரண்டையும் பெருக்கினால் 6,60,816 ரூபாய். அது முழு ஊனத்துக்கு. அத்தைக்குச் சம்பாதிக்கும் சக்தியில் 40 சதம் போய்விட்டது என்று பிறகு பார்த்த டாக்டர் எழுதினார். 40 சதத்துக்கு 2,64,326 ரூபாய். இதுதான் சட்டப்படி எஸ்டேட் அத்தைக்குப் பட்ட கடன். நான் வாங்கிக்கொடுத்தது 40,000. அதிலும் 25,000 நம்ம பையனின் வட்டிக் கடன்.

நம்ம புள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் நம்ம புள்ளையையே கடன்காரன் ஆக்கினேன். அத்தையை இனிமேல் சரிவில் ஏற முடியாதவராக வீட்டோடு உட்கார வைத்தேன். எஸ்டேட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒற்றுமை என்ற பேரில் நான் செய்தது இதுதான்.

2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. விபத்தில் சிக்கிய வண்டிக்குக் காப்பீடு இல்லை என்றால், சொந்தக்காரர் போதுமான ஜாமீன் கட்டாதவரை வண்டியை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டணும். இதை எல்லா மாநிலங்களும் விதியாக்கணும் என்றது. சுற்றுலா வந்தவனின் பத்து லட்ச ரூபாய்க் கார் நம்ம கிழவியை அடித்துவிட்டுப் போனால் இந்த விதி நமக்கு ஆயுதம். வண்டி ஸ்டேசனிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். ஆனால் மூணாவது கை குட்டியானையை ஏலம் விட்டால் காயலான் கடை விலைதான் வரும். ஒரு ஏழையின் பிழைப்பை விற்று இன்னொரு ஏழையின் காலுக்குக் கட்டுப் போடுவதை நீதி என்று என்னால் சொல்ல முடியாது. அத்தை அன்றைக்குச் சொன்னதில் இந்தப் பாதி உண்மைதான்.

வேற வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 1946-லேயே இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அமைப்பு வைத்தார்கள். காப்பீடு இல்லாத வண்டி அடித்தாலும் அடிபட்டவருக்கு அந்த அமைப்பு முதலில் பணம் கொடுக்கும். பிறகு வண்டிக்காரரைத் துரத்துவது அவர்கள் பாடு. அமெரிக்காவில் வேறு மாதிரி. காப்பீடு இல்லாதவன் நம்மை இடித்தால் என்ன செய்வது என்று கார் வைத்திருக்கிறவன் தன் பாலிசியிலேயே தனக்குப் பாதுகாப்பு வாங்கிக்கொள்கிறான். கார் உள்ளவனுக்கு அது சரி. வீட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லாதவள் எந்தப் பாலிசியில் வாங்குவாள்? நமக்குத் தேவை முதல் வழி.

அதுக்கு இங்கே கதவு பாதி திறந்தே இருக்கிறது. 2019 திருத்தத்தில் 164பி என்ற பிரிவு வந்தது. மோட்டார் வாகன விபத்து நிதி ஒன்று அதன்படி வைக்கப்பட்டிருக்கிறது. சிகிச்சைக்கு, அடித்துவிட்டு ஓடிய வண்டிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அதோடு மத்திய அரசு விதியில் குறிப்பிடுகிற மற்றவர்களுக்கும் அந்த நிதியிலிருந்து இழப்பீடு தரலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அந்த "மற்றவர்கள்" இடத்தில், காப்பீடு இல்லாத வண்டியால் அடிபட்டவர், சரக்கு வண்டியில் வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர் என்று இரண்டு வரி எழுதினால் போதும். முதலில் கொடு, பிறகு வசூலி. வண்டிக்காரனிடம் மட்டும் வசூலிக்காதே, அந்த வண்டியில் ஏற்றச் சொன்ன முதலாளியிடம் வசூலி. இதுதான் நாம் வைக்கவேண்டிய கோரிக்கை. கூலி உயர்வு கேட்கிற துண்டறிக்கையில் இதுவும் ஒரு வரியாக இருக்கணும்.

கோரிக்கை நிறைவேறும்வரை அடிபட்டவர் காத்திருக்க முடியாது. அதனால் மாணவர் தோழர்களுக்கும் கிளைத் தோழர்களுக்கும் சிலது சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரிக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேருங்கள். விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "வழுக்கி விழுந்தார்" என்று எழுதிவிட்டால் அந்த இரண்டு வார்த்தையை அழிக்க இரண்டு வருசம் ஆகும். பணம் இல்லை என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கின "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை உண்டு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது.

முதல் தகவல் அறிக்கை பதியவேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். போலீஸ் கொடுக்கிற அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அனுப்பினார்களா என்று கேட்க ஒரு ஆள் வேணும். இழப்பீட்டு மனுவைச் சேலத்திலேயே போடலாம். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நாம் குடியிருக்கிற எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. சதவீதம் பேசிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற புரோக்கரிடம் போகவேண்டியதில்லை.

நாள் கணக்கை மறக்காதீர்கள். 1994 திருத்தம் காலக்கெடுவையே எடுத்துவிட்டிருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடணும் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு மாதம் என்பது முறிந்த தொடை சேர்ந்து கம்பு ஊன்றி நிற்கிற நேரம். இதை எதிர்த்து வழக்கு நடக்கிறது. காலதாமதம் என்று சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்காலமாகச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

முக்கியமாக, அடிபட்டவர் வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ அடிபட்டாரா என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போய், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் நமக்கு எதிரானது நிறைய உண்டு, அதை எதிர்க்கத்தான் வேணும். ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் வேலையோடு தொடர்புடையதாக நடக்கிற விபத்து, வேலையில் நடந்த விபத்துதான் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்த வரியை எஸ்டேட் கேட்டில் எழுதி ஒட்டணும். தீர்ப்பாயம், தொழிலாளர் இழப்பீடு, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதில் பணம் தரக்கூடியவர் எதிரில் நிற்பார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வண்டிக்காரர் ஓட்டாண்டி, முதலாளி தோட்டக்காரர் என்றால் வழி எது என்று சொல்லத் தேவையில்லை.

"கூலிக்காரிக்கு என்ன வருமான ஆதாரம்?" என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார். 2011-ல் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், ரசீது இல்லை என்பதற்காக அவர் சொன்ன மாதம் 4,500 ரூபாயைக் குறைக்கத் தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ஊனம் எத்தனை சதம் என்பதைவிட, அந்த ஊனத்தால் அவர் செய்துவந்த வேலை எவ்வளவு போனது என்றுதான் பார்க்கணும் என்று 2010-ல் சொன்னது. சமதளத்தில் நாற்காலி வேலை பார்க்கிறவருக்குக் கால் இரண்டு அங்குலம் குட்டையானால் ஒரு கணக்கு. சரிவில் கூடை கட்டுகிறவருக்கு வேறு கணக்கு. இதைச் சொல்ல அந்த மலையை ஏறிப்பார்த்த ஒரு சாட்சி வேணும். அந்தச் சாட்சியாக நாம் போகலாம்.

அத்தை கதைக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் எஸ்டேட்டின் மேல் மனு போட்டோம். பழைய சட்டப்படி இரண்டு வருசத்துக்குள் போட்டிருக்கணும். கெடு தாண்டி ஏழு மாதம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. முத்திரைத்தாளில் அவர்கள் எழுதி வாங்கினதைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது என்று வக்கீல் தோழர் தைரியம் சொன்னார். உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தொழிலாளியிடம் எழுதி வாங்குகிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அத்தைக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "பையன் பேரு வருமா?" என்று மட்டும் கேட்டார். வராது அத்தை, எஸ்டேட் பேர் மட்டும்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றார்.

வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. ஜெயிக்குமா என்று தெரியாது. அந்தப் பையன் குட்டியானையை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வந்தால் அத்தை வீட்டில்தான் சாப்பிடுகிறான்.

மனுவில் தாமதத்துக்கு என்ன காரணம் என்று ஒரு பத்தி எழுதணும். அறியாமை, வறுமை, உடல்நிலை என்று வழக்கமாக எழுதுவதை வக்கீல் தோழர் எழுதிக்கொண்டு வந்தார். அதோடு இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன். "இயக்கத்தைச் சேர்ந்த இன்னார் வழக்கு வேண்டாம் என்று சமாதானம் செய்து வைத்ததை மனுதாரர் நம்பினார்" என்று. இன்னார் என்ற இடத்தில் என் பேரைச் சொன்னேன். உங்கள் ஊர் மனுவில் அப்படி ஒரு வரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோழர்களே.